பழைய டிராக்டரும் புதுப் பெயிண்டும்

கேள்வி: பழைய மாசி பெர்குசன் 35 டீசல் டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுப் பெயிண்ட், மீட்டரில் ஓடிய மணிநேரமும் குறைவு. இன்னொருவர் கேட்கிறார், இன்றே முன்பணம் கொடுங்கள் என்கிறார் தரகர். புல் வெட்டவும் டிரெய்லர் இழுக்கவும்தான் தேவை. வாங்கலாமா?

பதில்: அந்த ‘இன்னொருவர்’ எல்லா டிராக்டருக்கும் வருவார். அவரை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். மீட்டரையும் மறந்துவிடுங்கள், இத்தனை வயதான வண்டியில் அது நின்றுபோயிருக்கும், இல்லை மாற்றியிருப்பார்கள்.

புதுப் பெயிண்ட் என்றாலே எனக்குச் சந்தேகம். ஆயில் கசிவையும் வெல்டிங் தழும்பையும் மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் கைவிட்டுத் தடவுங்கள். பெயிண்டுக்கு மேலேயே பிசுபிசுப்பு இருந்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை.

போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த எஞ்சின், ஸ்டார்ட் ஆக உதவும் ஸ்பிரே எதுவும் அடிக்காமல் கிளம்ப வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தரகர்களும் அறிவார்கள். இந்த மாடலில் முதலில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், நல்ல நிலையில் இருந்தாலும் குளிரில் முரண்டு பிடிக்கும். பின்னால் வந்த மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினுக்கு அந்தச் சாக்கு செல்லாது. எது என்று தெரியவில்லையா? டீசல் பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாய்களை எண்ணுங்கள். மூன்று இருந்தும், “இந்த மாடலே அப்படித்தான்” என்றால் பொய். நான்கு இருந்தால் அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு குளிர்காலையிலும் அதோடு மல்லுக்கட்டப் போவது நீங்கள்.

சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் வேலைக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

புல் வெட்ட என்பதால் கிளட்ச் முக்கியம். பாதி மிதித்தால் வண்டி நின்று, பின்பக்க பிடிஓ தண்டு (புல்வெட்டி போன்ற கருவிகளை ஓட்டும் தண்டு) சுற்றிக்கொண்டே இருந்தால் அது இரட்டை கிளட்ச். இரண்டும் சேர்ந்தே நின்றால் ஒற்றை கிளட்ச். அதில் சுழலும் கத்தியின் வேகமே, கிளட்சை மிதித்த பிறகும் வண்டியை முன்னே தள்ளும். தண்டில் ஓவர்ரன் கப்ளிங் (கத்தியின் வேகம் வண்டிக்குத் திரும்பி வராமல் தடுக்கும் இணைப்பு) மாட்டாமல் புல் வெட்டாதீர்கள். அப்புறம் ஹைட்ராலிக்கில் பாரம் ஏற்றித் தூக்குங்கள். தூக்கும்போது நடுங்கினால் அதற்கும் செலவு இருக்கிறது.

பேர் மாற்ற அத்தனை கையெழுத்து கேட்கிறார்கள். எஞ்சினை எத்தனை முறை பிரித்தார்கள் என்று எழுத எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இல்லை. சரி, இருப்பதையாவது பாருங்கள்: எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பணத்தை உரிமையாளரிடமே கொடுங்கள். அவரைப் பார்க்கத் தரகர் விடவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.