முதல் கோல் விழுந்ததும் வயிற்றைக் கலக்குகிறதா?

கேள்வி: இருபது வருடமாக நான் லண்டன் கால்பந்துக் குழு டோட்டன்ஹாமின் ரசிகன். எங்கள் குழு முதல் கோலை அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். முன்னிலைக்குப் போவது, அப்புறம் புள்ளிகளைத் தொலைப்பது, இதே வேலையாகப் போய்விட்டது. வழக்கமாகச் சாப்பிடப் போகும் மாமாக் கடையில் என்னைப் பார்த்ததும் சேனலை மாற்றுகிறார்கள். என் ராசி சரியில்லையாம். இது ஆட்டக்காரர்களின் தலைக்கனமா, என் ராசியா? இரண்டு கோல் முன்னிலைதான் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?
(ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: உங்கள் ராசிக்குச் செந்தூலிலிருந்து வட லண்டன் வரை கை நீளும் என்றால், உங்களை மாமாக் கடையில் விட்டு வைத்திருக்க மாட்டோம். நம் தேசியக் குழுவோடு மோத வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் ரசிகராக அனுப்பி வைத்திருப்போம்.

தலைக்கனமும் இல்லை. 2023 நவம்பர், டிசம்பரை நினைத்துப் பாருங்கள். செல்சி, வுல்வ்ஸ், ஆஸ்டன் வில்லா, மான்செஸ்டர் சிட்டி, வெஸ்ட் ஹாம் என்று வரிசையாக ஐந்து ஆட்டம். ஐந்திலும் உங்கள் ஆட்கள் 1-0 என்று முந்தினார்கள், ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக்கில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை! 15 புள்ளிகளில் கைக்கு வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் சிட்டியோடு 90-வது நிமிடத்தில் அடித்த கோலால். அந்தப் பருவத்தை வில்லா 68 புள்ளிகளோடு நான்காவதாக முடித்தது, ஸ்பர்ஸ் (உங்கள் டோட்டன்ஹாம்தான்) 66-ஓடு ஐந்தாவது. ஐரோப்பாவின் பெரிய குழுக்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் முதல் நான்கு குழுவுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த வில்லாவிடம்தான் சொந்தத் திடலில் முந்திக்கொண்டு 2-1 என்று தோற்றார்கள். வெற்றிக்கு 2 புள்ளி இருந்த காலத்தில் முன்னிலையை விட்டுச் சமன் செய்தால் நஷ்டம் ஒன்றுதான். இங்கிலாந்து 1981-ல் அதை 3 ஆக்கியதிலிருந்து நஷ்டம் இரண்டு. உங்கள் வயிறு கலங்குவதில் கணக்குப்படி நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த ஐந்தில் முதல் இரண்டு ஆட்டத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செல்சி ஆட்டம், நமக்கு விடிகாலை 4 மணி. உங்கள் ரொமேரோவுக்கும் உடோகிக்கும் சிவப்பு அட்டை. வான் டி வெனும் மேடிசனும் காயத்தோடு வெளியே. மிச்சம் ஒன்பது பேர். அப்போதும் பயிற்றுநர் போஸ்டகோக்லு தற்காப்பு வரிசையைக் கோல் பக்கம் இறக்கவில்லை, நடுக்கோட்டருகே நிறுத்தினார். 4-1 தோல்வி. சிலர் வீரம் என்றார்கள், சிலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். எனக்கு இரண்டும் சரி என்றுதான் பட்டது. ஐந்தே நாளில் வுல்வ்ஸ். மூன்றாவது நிமிடத்திலேயே கோல், திடலில் பதினொரு பேர். இந்தத் தடவை இரண்டாம் பாதியில் மெல்ல மெல்லப் பின்வாங்கி, 91-வது நிமிடத்திலும் 97-வது நிமிடத்திலும் இரண்டு கோல் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது பேரோடு ஏறி நின்ற குழு, பதினொரு பேரோடு பதுங்கியது.

கோளாறு அங்கேதான் இருக்கிறது. முந்திய பிறகு நாலு பேர் அடுத்த கோலைத் தேடி ஓடுகிறார்கள், ஆறு பேர் தங்கள் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் போய் நிற்கிறார்கள். நடுவில் விழும் காலியிடத்தில் எதிரணி பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது. மாற்று ஆட்களும் சரியில்லை என்றால் கேட்கவே வேண்டாம். வில்லா ஆட்டத்தில் நடுத் தற்காப்பில் நின்ற இருவருமே பக்கவாட்டில் ஆடிப் பழகியவர்கள்.

இரண்டு கோல் முன்னிலை ஆபத்தா? ஒரு கோல் முன்னிலையை விட அது ஆபத்து என்றால், ஒன்றை எதிரணிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஆடலாமே! 2024 அக்டோபரில் பிரைட்டனிடம் 2-0 முன்னிலையை வைத்துக்கொண்டு 3-2 தோற்றதால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. நிம்மதியாக முடிந்த 2-0 ஆட்டத்தை யாரும் மாமாக் கடையில் உட்கார்ந்து அலசுவதில்லை.

இதற்காக லண்டன் வரை போகவும் வேண்டாம். 2014 டிசம்பர் 20, புக்கிட் ஜாலில், தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ண இறுதியின் இரண்டாவது ஆட்டம். இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் கிண்ணம். பேங்காக்கில் 2-0 தோற்று வந்த நாம், 58-வது நிமிடத்துக்குள் மூன்று கோல். சஃபிக் ரஹிம் இரண்டு, இந்திரா புத்ரா ஒன்று. கிண்ணம் கண்ணுக்கு முன்னால். 82-ல் தாய்லாந்து ஒன்று, 87-ல் அவர்களின் சனாதிப் இன்னொன்று. மொத்தக் கணக்கில் 4-3, கிண்ணம் அவர்களுக்கு. அவ்வளவு பெரிய அரங்கம் அப்படி அடங்கிப் போனதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. தாய்லாந்துக்காரர்களின் காலில் பந்து இருந்தது, நம்மவர்கள் கையில் ஸ்கோர் மட்டும்தான் இருந்தது. நான்கு வருடம் முன்னால், 2010-ல், ராஜகோபால் பயிற்றுநராக இருந்தபோது, இதே கிண்ண இறுதியில் ஜகார்த்தாவிலும் முதல் கோலை நாம்தான் அடித்தோம். அப்புறம் 2-1 தோற்றோம். ஆனால் முதல் சுற்றில் இங்கே அடித்த 3-0 கைவசம் இருந்ததால் கிண்ணம் நம்மோடு வந்துவிட்டது.

சரி, பதுங்குவதே தப்பா என்றால், அதுவும் இல்லை. 2025 மே 21, பில்பாவ், சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதி. அதே போஸ்டகோக்லு, எதிரே மான்செஸ்டர் யுனைடெட். 42-வது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் எப்படியோ பந்தை உள்ளே தள்ளினார். அதன் பிறகு பதினொரு பேரும் சேர்ந்து, கூச்சமே இல்லாமல், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கோல் கோட்டில் வான் டி வென் அந்தரத்தில் பறந்து ஒரு பந்தை உதைத்து வெளியேற்றினார். 1-0. 17 வருடத்துக்குப் பிறகு ஒரு கிண்ணம், கூடவே சாம்பியன்ஸ் லீக் இடமும். பிரீமியர் லீக்கில் அந்தப் பருவம் 22 தோல்வியோடு, இருபது குழுவில் 17-வது இடம் என்பதால், கிண்ணம் வாங்கித் தந்தவரை இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது வேறு கதை.

அந்த இறுதி ஆட்டம் தொடங்கியபோது கோலாலம்பூரில் விடிகாலை மூன்று மணி. நீங்கள் மாமாக் கடையில் உட்கார்ந்து பார்த்தீர்களா, இல்லை ராசிக்குப் பயந்து வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டீர்களா? கடையில் இருந்திருந்தால், அடுத்த தடவை சேனலை மாற்ற வருபவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். தூங்கிவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.