இயேசுவின் உயிர்த்தெழுதல் இன்றைய கிறிஸ்தவருக்கு என்ன அர்த்தம் தருகிறது?

ஈஸ்டர் என்றோ நடந்த ஒன்றின் நினைவு நாள்தானே, இன்றைய விசுவாசிக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதிச் சபையின் அப்போஸ்தலனான பவுல் இதில் பூசி மெழுகவில்லை: கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றே கொரிந்து நகரச் சபையாருக்கு எழுதினார். அதே அதிகாரத்தில் (1 கொரிந்தியர் 15) இயேசுவை 'முதற்பலன்' என்கிறார். முதல் கதிர் விளைந்துவிட்டால் மீதியும் வரும் அல்லவா? அப்படியே அவருக்குப் பின் மரித்த விசுவாசிகளும் எழுவார்கள் என்பதே பொருள். அன்பானவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவருக்கு இந்தச் சொல்தான் பிடிமானம். அழுகை நின்றுவிடாது, அது வேறு.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, அவர் எழுந்ததை நம்பாத சீடன் தோமாவுக்கு இயேசு காட்டிய சிலுவைக் காயங்கள். உயிர்த்தெழுந்த உடலிலும் அவை இருந்தன. பட்ட பாடு துடைத்தெறியப்படவில்லை. ஆனால் அது கல்லறையோடு முடியவுமில்லை.

அப்புறம், பெரும்பாலான சபைகள் ஞாயிறுதோறும் கூடுவதும் இயேசு எழுந்த நாள் அது என்பதால்தான்.