சும்மா இருப்பவனின் சொற்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஐ.டி. வேலை. சனி ஞாயிறுகளில் நண்பர்களோடு குறும்படம் எடுக்கிறேன். கோயன் சகோதரர்களின் ‘தி பிக் லெபவ்ஸ்கி’யைப் பதினைந்து முறையாவது பார்த்திருப்பேன். அந்தப் பாதிப்பில், வேலைவெட்டி இல்லாத ஒருவனை வைத்து 20 பக்கத் திரைக்கதை எழுதி இணைத்திருக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும் ‘போர் அடிக்குது’ என்கிறார்கள். அதன் நாயகன் டூட் என்னைப் பொறுத்தவரை ஓர் அமெரிக்கச் சித்தன். ‘சும்மா இரு சொல்லற’ என்று நம் அருணகிரிநாதர் சொன்னதைத்தான் அவன் வாழ்கிறான் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தில் நடிகர்கள் தளத்திலேயே வாய்க்கு வந்ததைப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டதால், நானும் பல இடங்களில் வசனம் எழுதாமல் ‘ஜாலியாகப் பேசிக்கொள்கிறார்கள்’ என்று விட்டிருக்கிறேன். என் நாயகனுக்குச் சாப்பாட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டுமா? படத்தின் தொடக்கத்தில் டூட் எழுதும் காசோலையின் தேதி பிழையா? கடைசியாக, டூட் குடிக்கும் ‘வைட் ரஷ்யன்’ என்னும் அந்தப் பால் பானத்தை எப்படிக் கலப்பது? எங்கள் படத்திலும் வருகிறது.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

வசனம் எழுதுவதைப் பற்றி ஏற்கெனவே மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. இல்லையென்றால் உங்கள் நண்பர்கள் சொன்னதையே நானும் வழிமொழிந்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவர்கள் சொன்னது சரி. சும்மா இருக்கும் ஒருவனைப் பற்றி எழுத உட்கார்ந்து நீங்களும் சும்மா இருந்துவிட்டீர்கள்.

காசோலையை முதலில் முடித்துவிடுவோம். ரால்ஃப்ஸ் கடையில் பாலும் கிரீமும் பாதிக்குப் பாதி கலந்த ஒரு பெட்டிக்கு டூட் 69 சென்ட்டுக்குக் காசோலை எழுதுகிறான். தேதி 1991 செப்டம்பர் 11. அப்போது கடைத் தொலைக்காட்சியில் ஓடும் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷின் பேச்சு 1990 ஆகஸ்ட் 5-இல் பேசியது. ஒரு வருடம் இடிக்கிறது. இடிக்கட்டும். பின்தேதியிட்ட காசோலை என்று சாதிக்கிறவர்களும் உண்டு. 69 சென்ட்டுக்குப் பின்தேதி என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் காசு பற்றிய உங்கள் கேள்விக்கும் அந்தக் காசோலையே பதில். ஆரம்பத்தில் கோயன்கள் டூடை ரூபிக் கனசதுரத்தைக் கண்டுபிடித்தவரின் வாரிசாக, அந்த வருமானத்தில் காலம் தள்ளுபவனாக யோசித்திருந்தார்கள். பிறகு அதை வெட்டிவிட்டார்கள். வருமானத்தை விளக்கினால் பார்வையாளர் மனதில் கணக்குப் போடத் தொடங்குவார். 69 சென்ட்டுக்குக் காசோலை எழுதும் ஆளைக் காட்டிவிட்டால், மீசையில் பால் ஒட்டியிருக்க, குளியல் அங்கியோடு நிற்பவனைக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் காசைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். உங்கள் இரண்டாம் பக்கத்தில் நாயகனின் அக்கா மாதாமாதம் ஜி-பேயில் பணம் அனுப்புவதை விளக்கும் அந்த அரைப் பக்கத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சித்தன் என்கிறீர்கள். படமே இதற்குப் பதில் சொல்லிவிட்டது, பதினைந்து முறை பார்த்தும் நீங்கள் கவனிக்கவில்லை. பௌலிங் கூடத்தின் பாரில் கௌபாய் உடையில் ஒருவர் வந்து உட்கார்ந்து கரடியைப் பற்றி ஒரு பழமொழி சொல்வார். சில நாள் நீ கரடியைத் தின்பாய், சில நாள் கரடி உன்னைத் தின்னும் என்பது போல. இது ஏதாவது கீழை நாட்டு விஷயமா என்று டூட் கேட்பான். அதெல்லாம் இல்லை என்பார் அவர். உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதிய வசனம் அது. 2005-இல் தாய்லாந்தின் சியாங் மாயிலிருந்து டூடிசம் என்று ஒரு மதமே தொடங்கிவிட்டார்கள். அதில் சேர வேண்டுமானால் சேர்ந்துகொள்ளுங்கள். அருணகிரிநாதரை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் எடுத்த மேற்கோளின் இரண்டாம் பாதியை நீங்கள் கவனித்திருந்தால் இந்தக் கடிதமே வேறாகியிருக்கும். ‘சொல்லற’. சொல் அற்றுப்போய்ச் சும்மா இருப்பது. டூட் அதற்கு நேர் எதிரான ஆள். அவன் ஒரு நிமிடம்கூடச் சொல் இல்லாமல் இருப்பதில்லை. வாயில் இருப்பது எதுவும் அவனுடைய சொல்லும் இல்லை. எல்லாம் இரவல்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். பால் வாங்கும்போது தொலைக்காட்சியில் புஷ், குவைத் மீதான இந்த ஆக்கிரமிப்பு நிலைக்காது என்கிறார். டூட் அந்தப் பக்கம் திரும்பியது போலத்தான் தெரியும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, தன் கம்பளத்தின் மீது ஒருவன் மூத்திரம் போனதற்கு இழப்பீடு கேட்டு, தன்னைப் போலவே ஜெஃப்ரி லெபவ்ஸ்கி என்று பெயருள்ள கோடீஸ்வரர் முன் நிற்கும்போது, இந்த ஆக்கிரமிப்பு நிலைக்காது என்கிறான். ஒரு போருக்கான வாக்கியம் ஒரு கம்பளத்துக்கு வந்துவிட்டது. கடத்தப்பட்டதாகச் சொல்லப்படும் கோடீஸ்வரரின் மனைவிக்காகப் பணத்தைக் கைமாற்றும் இரவில், அவருடைய உதவியாளர் பிராண்ட் டூடிடம் சொல்கிறார், ‘அவள் உயிர் உங்கள் கையில்.’ முதலாளி இதைத் திரும்பச் சொல்லச் சொன்னார் என்று இன்னொரு முறையும் சொல்கிறார். நண்பன் வால்டர் எல்லாவற்றையும் சொதப்பிய பிறகு டூட் அவனிடம் புலம்புவது என்ன? அவள் உயிர் நம் கையில் இருந்ததே என்று. மாட் என்னும் ஓவியக்காரி, ஆண்கள் தங்கள் உறுப்புக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர்களைப் பட்டியல் போடும்போது ‘ஜான்சன்’ என்று ஒன்றைச் சொல்கிறாள். ஜான்சனா என்று டூட் விழிக்கிறான். பிறகு, எதிலும் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்ளும் ஜெர்மன் நிகிலிஸ்ட்டுகள் குளியலறைக்குள் புகுந்து அதே ஜான்சனை அறுப்பதாக மிரட்டுகிறார்கள். அவர்களும் மாடும் ஒரே வட்டத்து ஆட்கள் என்பது பின்னால்தான் தெரியும். இங்கே சொல் துப்பாகவும் வேலை செய்கிறது. இது ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறியும் கதைகளின் சாயலில் கட்டப்பட்ட படம். அந்தக் கதைகளில் துப்பறிவாளன் தடயங்களைப் பொறுக்கிக்கொண்டே போவான். டூடும் பொறுக்குகிறான், ஆனால் சொற்களை. வழக்கு முடியும்போது அவன் கையில் சொற்கள்தான் மிச்சம்.

காதில் தவறாக விழும் சொல்லும் உண்டு. யாருக்கு ஆதாயமோ அவனைத் தேடு என்று லெனின் சொன்னதாக டூட் தடுமாறிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பௌலிங் கூட்டாளி டானி அதை பீட்டில்ஸ் லெனன் என்று கேட்டு ஒரு பாட்டு வரியை எடுத்துவிடுவான். வால்டர், விளாதிமிர் இலியிச் உல்யானோவ் என்று முழுப் பெயரையும் சொல்லிக் கத்துவான். ஒரு வசனம் மூன்று பேர் காதில் மூன்றாக விழுகிறது. இதைத் தளத்தில் நின்று யோசிக்க முடியுமா, சொல்லுங்கள்.

யோசிக்கவில்லை. டூடாக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸ் பேட்டிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் வரும் ஒவ்வொரு ‘மேன்’னும், ஒவ்வொரு இழுவையும் தாளில் எழுதியிருந்தது. நடிகர் கொண்டுவந்தவை வேறு. உடைகளில் பல பிரிட்ஜஸின் சொந்த உடைகள். காட்சிக்கு முன் இயக்குநர்களிடம் அவர் கேட்பது, வரும் வழியில் டூட் ஒரு கஞ்சா பிடித்தானா என்று. ஆம் என்றால் கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு போய் நிற்பார். நடிகருக்கு விட வேண்டியது அது. வசனத்தை அல்ல.

உங்கள் ‘ஜாலியாகப் பேசிக்கொள்கிறார்கள்’ ஏன் ஓடாது என்பதற்குக் காரணம் எளிது. தளத்தில் பேசச் சொன்னால் நடிகர் எதிரில் இருப்பவர் இப்போது சொன்னதற்குத்தான் பதில் சொல்வார். ஐந்து காட்சிக்கு முன் வேறொருவர் சொன்னது அவர் நினைவில் இருக்காது. அந்தக் காட்சி பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கவே செய்யாது, நீங்கள் வரிசைப்படி எடுக்கப்போவதில்லையே. இன்னொன்று, உங்களிடம் இருப்பது ஒரே கேமரா. முதல் டேக்கில் பேசியதும் மூன்றாவது டேக்கில் பேசியதும் வேறுவேறாக இருந்தால் எடிட்டர் எந்த முகத்தோடு எந்த முகத்தை ஒட்டுவார்? ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறிவிட்டால் ஒலியையும் பிரிக்க முடியாது. முதல் நாள் இரவே இது தெரியும். அதற்குள் படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கியிருப்பார்.

இப்படிச் செய்து பாருங்கள். திரைக்கதையை அச்செடுத்து நான்கு சொற்றொடர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள், நான்கு நிறப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அதிகாரத்தின் வாயிலிருந்து முதலில் வர வேண்டும். உங்கள் நான்காம் பக்கத்திலேயே ஒன்று கிடக்கிறது. சுவரில் ஆணி அடித்ததற்கு வீட்டு ஓனர் ‘அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்’ என்கிறார். அருமையான வரி. எழுதிவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஒன்பதாம் பக்கத்தில் அந்தப் பெண் உறவை முறித்துக்கொண்டு போகும்போது உங்கள் நாயகன் ஒன்றரைப் பக்கம் தத்துவம் பேசுகிறான். அதை அடித்துவிட்டு, ‘சரி, அட்வான்ஸ்ல கழிச்சுக்கோ’ என்று மட்டும் சொல்லட்டும். பதினாறாம் பக்கத்தில் டீக்கடைக்காரர் அதையே அவனிடம் திருப்பிச் சொல்லட்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. முதல் முறை வரும்போது வரி சிரிப்பாக இருக்கக் கூடாது. பஞ்ச் வசனமாக வைத்தால் இரண்டாம் முறை அது வெறும் ரிப்பீட். அது ரசீதுத் தாள் போல வறட்சியாக இருக்க வேண்டும். இடைவெளி ஒரு பக்கத்துக்குக் குறைந்தால் திக்குவாய் போலிருக்கும். இருபது பக்கக் கதையில் பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் மறந்துவிடும். சட்டகத்துக்குள் இருக்கும் யாரும் அதைக் கவனித்துவிடக் கூடாது. ‘அட, ஓனர் மாதிரியே பேசுறியே’ என்று ஒரு நண்பன் சொன்னால் எல்லாம் முடிந்தது. நான்குக்கு மேல் வேண்டாம்.

உங்கள் பாத்திரங்கள் எல்லோரும் தாங்கள் விசித்திரமானவர்கள் என்று தெரிந்தே நடிக்கிறார்கள், அது பெரிய கோளாறு. வால்டருக்குத் தான் வேடிக்கையான ஆள் என்று தெரியாது. பௌலிங் ஆட்டத்தில் எதிராளியிடம், கோட்டை மிதித்துவிட்டாய், பூஜ்யம் போடு என்று துப்பாக்கியை நீட்டும்போது அவன் விதியைக் காப்பாற்றுகிறான். (விதிப்படி கோட்டை மிதித்து எறிந்த பந்துக்குத்தான் பூஜ்யம். அது முதல் பந்தாக இருந்தால் இரண்டாவது பந்து உண்டு. விதிக்காகத் துப்பாக்கி எடுப்பவனுக்கு அந்த நிதானம் எங்கே.) பேச வாயெடுத்தாலே அடக்கப்படும் டானியையும் பாருங்கள். படம் முழுக்க அவன் பந்தை எறிந்தால், எதிரே நிற்கும் கட்டைகளான பத்துப் பின்னும் விழும். கடைசியில் ஒரு பின் மட்டும் நிற்கும். அவன் அதைப் பார்த்தபடி நிற்பான், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அடுத்து வாகன நிறுத்தத்தில் மாரடைப்பு.

சாம்பல் காட்சியில்தான் இந்த இரவல் சொல் விவகாரம் வெடிக்கிறது. சாம்பல் கலசத்துக்கு 180 டாலர் கேட்டதால் ஃபோல்ஜர்ஸ் காப்பித் தகரத்தில் டானியின் சாம்பல். மலை முகட்டில் வால்டர் இரங்கல் உரை ஆற்றுகிறான். டானியைப் பற்றித் தொடங்கி வியட்நாமின் போர்க்களப் பெயர்களுக்குப் போய் ஷேக்ஸ்பியர் வரியில் முடிக்கிறான். ஒரு நண்பனுக்குச் சொல்லக்கூட அவனிடம் சொந்தச் சொல் இல்லை. காற்று சாம்பலை அள்ளி டூடின் தாடியிலும் கண்ணாடியிலும் அப்புகிறது. டூட் வெடிக்கிறான். வியட்நாமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கத்துகிறானே, எனக்குத் தெரிந்து படத்தில் அவன் யாரிடமும் கடன் வாங்காமல் பேசும் இடம் அதுதான். உங்கள் நாயகனுக்கும் அப்படி ஓரிடம் வேண்டும். அவன் மற்ற இடங்களில் இரவல் பேசினால்தான் அந்த இடம் கேட்கும்.

சட்டைகளில் அச்சாகும் அந்தக் கடைசி வாக்கியமும் இரவல்தான். தலைமுறைகள் போகும், பூமியோ நிலைத்திருக்கும் என்ற, பைபிளின் பிரசங்கி நூல் வார்த்தையின் எதிரொலி அது. டூட் நிலைத்திருக்கிறான் என்று தன்னைப் பற்றியே சொல்லிவிட்டுப் போகிறான், அந்த கௌபாய் நம் பக்கம் திரும்பி அதையே திரும்பச் சொல்கிறார். புஷ் நிலைக்காது என்றார், இவன் நிலைக்கிறான் என்கிறான். தமிழில் எழுதிப் பார்க்கும்போது இரண்டும் ஒரே வேரில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

1998 மார்ச்சில் வெளியானபோது இந்தப் படமும் சுமாராகத்தான் ஓடியது, 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது என்றெல்லாம் உங்கள் நண்பர்களிடம் வாதாடக் கிளம்பாதீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு ஒன்பதாம் பக்கத்தைத் திருத்துங்கள். பிறகு அனுப்புங்கள், படிக்கிறேன்.

பானம். அடி கனமான குட்டைக் கண்ணாடி டம்ளரில் ஐஸ், 50 மி.லி. வோட்கா, 20 மி.லி. காபி மது, மேலே 30 மி.லி. கிரீம். கிரீமைக் கரண்டியின் பின்புறத்தில் மெதுவாக ஊற்றினால் மிதக்கும். கிரீமுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பால் ஊற்றினால் நீர்த்துப்போகும், சில சமயம் திரியும். மாட் வீட்டில் டூட் கிரீமர் பொடியைக் கொட்டுவானே, குளிர்ந்த பானத்தில் அது கரையாது, கட்டி கட்டியாக மிதக்கும். படப்பிடிப்புக்கு இதெல்லாம் வேண்டாம். 60 மி.லி. டிகாக்‌ஷனில் சூடாக இருக்கும்போதே இரண்டு கரண்டி சர்க்கரை கரைத்து ஆற வையுங்கள், கனம் கூடும். அதன் மேல் குளிர்ந்த கிரீம் நிற்கும். ஐஸுக்கு அக்ரிலிக் கட்டிகள் போடுங்கள். விளக்குச் சூட்டில் நிஜ ஐஸ் மூன்றாவது டேக்குக்குள் கரைந்து டம்ளர் நிறைந்துவிடும், அவன் குடிக்கக் குடிக்கப் பானம் ஏறுவது போலிருக்கும். டம்ளரின் பின்புறம் ஒரு சின்ன டேப் ஒட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.