செர்ரி இறால் கேள்வி பதில்: தர்மபுரி, கிருஷ்ணகிரி தண்ணீரில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் “எல்லாம் செத்துப்போச்சு” என்றுதான் ஆரம்பிக்கின்றன. கோடை வந்தால் நம் பக்கத்தில் அப்படித்தான். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். தனியாகச் சொல்லாத இடங்களில் இறால் என்றால் செர்ரி, அதாவது வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சின்ன நன்னீர் இறாலான நியோகாரிடினா. சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி (தர்மபுரி டவுன்): அண்ணா, நல்லா ஓடிட்டிருந்த ரெண்டடி டேங்க். பாசி ஏறிப்போச்சுன்னு சனிக்கிழமை முழுத் தண்ணியையும் எடுத்துட்டு, கல், ஃபில்டர் எல்லாத்தையும் குழாயடியில கழுவி வச்சேன். திங்கக்கிழமை பார்த்தா பாதி செத்துக் கிடக்கு. இது என்ன நோய்? என்ன மருந்து போடணும்?

பதில்: நோய் இல்லை தம்பி, மருந்தும் வேண்டாம். ஒரே நாளில் மூன்று அடி விழுந்திருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின். பழைய தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் உப்பளவு வேறு. குழாயடியில் கழுவியதில் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருந்த பாக்டீரியாவும் போய்விட்டது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தைத் தீர்க்க இப்போது டேங்கில் யாரும் இல்லை.

செத்ததில் ஒன்றை வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்துப் பாருங்கள். தலை ஓட்டுக்கும் உடம்புக்கும் நடுவே சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால், தோல் உரிக்கப் போய் முடியாமல் செத்திருக்கிறது. ஒழுங்காக உரிக்கும்போது ஓடு முதுகுப்பக்கம் மட்டும் பிளக்கும். அந்தச் சந்து வழியாக இறால் உடம்பை வளைத்து ஒரே எத்தில் வெளியே வந்துவிடும். தண்ணீர் திடீரென்று மாறினால் இன்னும் தயாராகாத இறாலும் உரிக்கப் பார்க்கும். ஓடு சுற்றிலும் வெடித்து, பாதியில் மாட்டிக்கொள்ளும். உரித்துப்போட்ட வெறும் தோலைப் பிணம் என்று நினைத்துவிடாதீர்கள். தோல் கண்ணாடி மாதிரி உள்ளே காலியாக இருக்கும். செத்த இறால் பால் போல மங்கி, அப்புறம் ரோஸ் நிறத்துக்குப் போகும்.

இப்போது செய்ய வேண்டியது: செத்ததை உடனே எடுங்கள். ஏர் பம்ப் நன்றாக ஓடட்டும். நான்கைந்து நாள் தீனி வேண்டாம். அம்மோனியா டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்து, ஏறியிருந்தால் மட்டும் தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். அந்தத் தண்ணீரும் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்ததாகவோ, ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டதாகவோ இருக்கவேண்டும். பயத்தில் இன்னொரு முறை முழுத் தண்ணீரையும் மாற்றினால் மிச்சமும் போகும். ஸ்பாஞ்சை இனிமேல் டேங்கிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள். பாசியைப் பொறுத்தவரை, முன்கண்ணாடியைத் தவிர வேறெங்கும் தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை, குட்டிகளின் சாப்பாடு.

கேள்வி (பாலக்கோடு): எங்க போர் தண்ணி டிடிஎஸ் 1100 காட்டுது. ஒகேனக்கல் தண்ணி என்னைக்கு வரும்னு சொல்ல முடியாது. ஃபுளோரைடு வேற இருக்கும்ங்கறாங்க. இந்த ஊர்ல இறால் வளர்க்கவே முடியாதா சார்?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். செர்ரிக்கு டிடிஎஸ் 150 முதல் 300 வரை, ஜிஹெச் (தண்ணீரின் கடினத்தன்மை) 6 முதல் 10 வரை இருந்தால் போதும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் 50 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் போர் தண்ணீருக்கு நான்கு குடம் ஆர்ஓ கலந்தால் 260 வரும். நம் மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை இருப்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆர்ஓ கலக்கும்போது அதுவும் சேர்ந்தே குறையும்.

ஆனால் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். டிடிஎஸ் என்பது மொத்த உப்பு. அதில் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. இறாலுக்கு ஓடு கட்டக் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். அதைச் சொல்வது ஜிஹெச் சொட்டு டெஸ்ட்தான். கலந்த பிறகு ஜிஹெச் 6க்குக் கீழே வந்தால் இறாலுக்கென்றே விற்கும் மினரல் பவுடர் சேருங்கள். கிளிக்கூண்டில் தொங்கவிடுவார்களே கடல் நுரை, அதில் ஒரு துண்டு போட்டாலும் கொஞ்சம் கைகொடுக்கும். இன்னொன்று: ஆர்ஓ மெஷினில் வீணாகப் போகிறதே என்று கழிவுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றாதீர்கள். போரைவிட அதில் உப்பு அதிகம்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): எங்க வீட்டைச் சுத்தி மாந்தோப்பு. பூ எடுக்கற சமயத்துல மருந்து அடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரியே இறால் எல்லாம் பைத்தியம் புடிச்ச மாதிரி சுத்துச்சு, காலையில ஒண்ணு விடாம மல்லாந்து கிடந்துச்சு. ஆனா அதே டேங்க்ல கப்பி மீனும் நத்தையும் நல்லா இருக்கு. மருந்துதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுதான். உங்கள் கேள்வியிலேயே தடயம் இருக்கிறது. பூச்சிக்கொல்லி செய்யப்பட்டதே பூச்சியைக் கொல்ல. இறால் பூச்சிக்கு உறவுக்காரன், இரண்டும் கணுக்காலிகள். தத்துப்பூச்சிக்கு அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மீனையும் கொல்லும், ஆனால் மீன் தாங்குகிற சொற்ப அளவே இறாலுக்கு எமன். நத்தை பெரும்பாலும் தப்பித்துவிடும். முதலில் தாறுமாறாக நீச்சல், அடுத்து பக்கவாட்டில் சாய்ந்து கால் மட்டும் துடிப்பது, அப்புறம் சாவு. நத்தையும் சேர்ந்து சுருண்டிருந்தால் நான் தாமிரத்தைச் சந்தேகப்பட்டிருப்பேன். மீனுக்கு விடும் சில மருந்துகளில் காப்பர் சல்பேட் இருக்கும். தாமிரம் உள்ள பூஞ்சைக்கொல்லியான போர்டோக் கலவை கலந்த கையை டேங்கில் விட்டாலும் அதே கதி.

தோப்பு இல்லாதவர்களும் இதைப் படிக்கவேண்டும், ஏனென்றால் கொசு லிக்விட், பத்தி, கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது இதே குடும்பத்து மருந்துகள்தான். டேங்க் இருக்கும் அறையில் இவை கூடவே கூடாது. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள்ளேயே விடுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தெருவில் கொசுப் புகை வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, பம்பை அரைமணி நேரம் நிறுத்தி, டேங்கை ஈரத் துணியால் மூடுங்கள். மாம்பூ காலத்தில் பம்பை வீட்டின் உள்அறையில் வைத்து நீளமாக டியூப் இழுத்துக்கொள்ளலாம்.

உங்கள் டேங்குக்கு: நான்கைந்து நாள் இடைவெளியில் கால்வாசி கால்வாசியாகத் தண்ணீர் மாற்றி, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். ஸ்பாஞ்சையும் ஜாவா மாஸ் பாசிச்செடியையும் மாற்றிவிடுவது உத்தமம். ஒரு மாதம் கழித்து விலை குறைந்த இறால் இரண்டை மட்டும் விட்டுப் பாருங்கள்.

கேள்வி (அரூர்): ஷீட் வீடு. மத்தியானம் டேங்க் தண்ணி 33 டிகிரி போகுது. ஐஸ் போடலாமா?

பதில்: வேண்டாம். ஐஸ் கரையும்போது இறங்கி, கரைந்ததும் ஏறி, ஒரே நாளில் இரண்டு அதிர்ச்சி. மூடியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் சின்ன ஃபேனை நீர்மட்டத்தைப் பார்த்து ஓடவிடுங்கள். நம்மூர்க் கோடை வறட்சிக் காற்று என்பதால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி சாதாரணமாக இறங்கும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் மே முடிவதற்குள் டிடிஎஸ் எங்கேயோ போயிருக்கும்.

முடிந்தால் டேங்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வெயில் படாத மூலையில் தரையில் வையுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் தீனியையும் குறையுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். கரண்ட் போகும்போது இறாலோடு ஃபில்டர் பாக்டீரியாவும் மூச்சுத் திணறும். 30 டிகிரிக்கு மேல் பெண் இறால்கள் முட்டையை உதறுவது சகஜம். இனப்பெருக்கத்தை ஜூலைக்குத் தள்ளிவைத்து, இப்போதைக்கு உயிரோடு காப்பாற்றினாலே போதும்.

கேள்வி (ஓசூர், கல்லூரி மாணவி): எங்க ஊர் குளிர்தானே அண்ணா, கிரிஸ்டல் ரெட் வளர்க்கலாமா?

பதில்: மாவட்டத்தில் அதற்குத் தோதான ஊர் உங்களுடையதுதான் தங்கச்சி, ஆனாலும் ஏப்ரலில் ஃபேன் வேண்டும். கிரிஸ்டல் ரெட் வேறு இனம், காரிடினா. ஜப்பானில் 1990களில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய சிவப்பு. மென்மையான, லேசான அமிலத் தண்ணீர் கேட்கும்: பிஹெச் 6 பக்கம், டிடிஎஸ் 100 முதல் 150, வெப்பம் 24க்குள். ஆக்டிவ் சாயிலும் (தண்ணீரை லேசாக அமிலமாக்கும் டேங்க் மண்) ஆர்ஓவும் இல்லாமல் நடக்காது. ஒரு வருஷம் செர்ரியில் கை பழகட்டும். இரண்டையும் ஒரே டேங்கில் விட்டால் கலப்பினம் பிறக்காது, ஆனால் ஒன்றுக்குப் பிடித்த தண்ணீர் மற்றதற்குப் பிடிக்காது.

கேள்வி (ஊத்தங்கரை): அமானோ இறால் அடிக்கடி முட்டை சுமக்குது, ஒரு குட்டிகூட நிக்கலை.

பதில்: நிற்காது. அமானோ வேறு இனம். அதன் லார்வா, அதாவது பொரித்த குஞ்சு, வளரக் கடல் நீர் அளவுக்கு உப்பு வேண்டும். பாசி தின்ன மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாரண்டஹள்ளி, பட்டுப்புழு வளர்ப்பவர்): எங்ககிட்ட மல்பெரி இலை ஏராளம். இறாலுக்குப் போடலாம்னு வெளிநாட்டு வீடியோவுல பார்த்தேன், நிஜமா?

பதில்: நிஜம்தான், காய்ந்த மல்பெரி இலையைச் சின்னப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உங்களுக்கு வீட்டு வாசலில். பட்டுப்புழுவும் பூச்சி மருந்தைத் தாங்காது, அதனால் புழுவுக்குப் போடும் இலை இறாலுக்கும் நம்பிக்கையான இலை. இலைச் சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், உங்கள் புழுவுக்கு எத்தனை நாள் காத்திருப்பீர்களோ அதற்கு இரு மடங்கு காத்திருங்கள். புழு மனையிலிருந்து எடுக்காமல் தோட்டத்திலிருந்தே பறியுங்கள். மனையில் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் தூவியிருப்பீர்கள்.

நிழலில் உலர்த்தி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உள்ளங்கையளவு இலை ஒன்றை விடுங்கள். முதல் நாள் கண்டுகொள்ளாது. இலை ஊறி மேலே வழுவழுப்பு படிந்ததும் மொய்க்கும், இரண்டு நாளில் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். முருங்கைக்கீரையும் போடலாம், ஆனால் தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும். பள்ளிக்கூட வாசலில் உதிர்ந்து கிடக்கும் வாதாம் மரத்துக் காய்ந்த இலையும் நல்லது.

கேள்வி (பென்னாகரம்): கண்ணாடியில வெள்ளையா புழு ஊருது. குட்டிங்க குறையுது.

பதில்: லென்ஸ் வைத்துத் தலையைப் பாருங்கள். முக்கோணத் தலை, இரண்டு கண் புள்ளி, நெளியாமல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பிளனேரியா, குட்டிகளைத் தின்னும். நூல் மாதிரி நெளிந்தால் சாதாரணக் கழிவுப் புழு, விட்டுவிடலாம். பிளனேரியா பெருகுவதே மிஞ்சிய தீனியால். தீனியைக் குறைத்து, ராத்திரி சின்ன பாட்டிலில் கோழித் துணுக்கு போட்டு வைத்துப் பிடியுங்கள். அடங்காவிட்டால் நாய்க்குக் கொடுக்கும் புழு மருந்தான ஃபென்பெண்டசோல் கேட்கும், ஆனால் நத்தைகளுக்கு ஆபத்து, முதலில் அவற்றை மாற்றுங்கள். இதற்கென்று விற்கும் மருந்துகளில் பாக்குச் சாறு உண்டு. அதைக் கேள்விப்பட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள், வீட்டுப் பாக்கில் அளவு பிடிபடாது.

கேள்வி (பர்கூர்): கொத்தா செத்துப்போன டேங்க்ல ஆறு இறால்தான் மிச்சம். சென்னை கொளத்தூர்ல இருந்து புதுசா ஐம்பது வாங்கி விட்டுடலாமா?

பதில்: உடனே வேண்டாம். எது கொன்றதோ அது இன்னும் உள்ளே இருக்கலாம். மிச்சமிருக்கும் ஆறைப் பாருங்கள். அடிவயிறு அகலமாக வளைந்து, முதுகில் சேணம் மாதிரி மஞ்சள் திட்டு தெரிந்தால் பெண். அதில் ஒன்றும் ஆண் ஒன்றும் இருந்தாலே குடும்பம் திரும்பிவிடும். ஒரு பெண் 20 முதல் 30 முட்டை சுமக்கும், ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரிக்கும், குட்டிகள் மூன்று மாதத்தில் தாங்களே முட்டை சுமக்கும். விபத்தைத் தாண்டிப் பிழைத்தவை உங்கள் தண்ணீருக்குப் பழகியவை, காசு கொடுத்தாலும் கிடைக்காது. டேங்கிலேயே பிறந்த குட்டிகள் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து நின்றால் டேங்க் தேறிவிட்டது என்று அர்த்தம். அப்போது புது ரத்தத்துக்குப் பத்து வாங்குங்கள், அதே நிறத்தில். நிறம் கலந்தால் நாலு தலைமுறையில் எல்லாம் ஆற்று இறால் மாதிரிப் பழுப்பாகிவிடும்.

சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பார்சலில் மட்டும் வரவழையுங்கள். பிடிக்க ஜாவா மாஸ் ஒரு கொத்து போட்டு, பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் காற்றுமாகக் கட்டச் சொல்லுங்கள். வந்ததும் பைத் தண்ணீரின் டிடிஎஸ்ஸைப் பாருங்கள். உங்கள் டேங்குக்கும் அதற்கும் 100க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டாக இரண்டு மணி நேரம் டேங்க் தண்ணீரை இறக்கிய பிறகு வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை டேங்கில் ஊற்ற வேண்டாம்.