கடலோர வீட்டில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையோரம் வசிப்பவர்கள் எழுதியவை. வானம் பார்ப்பது, கொல்லையில் செடி வைப்பது, பழைய நாவல் படிப்பது ஆகிய மூன்றையும் சுற்றியே பலரும் கேட்டிருப்பதால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்றுத் தரங்கம்பாடி அருகே சிறு வீடு ஒன்றில் குடியேறியிருக்கிறேன். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், தோட்டம் போடலாம், படிக்காமல் விட்ட நாவல்களைப் படிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஆனால் பொழுது எப்படியோ கழிந்துவிடுகிறது. மூன்றில் ஒன்றும் உருப்படியாக நடப்பதில்லை. நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது?
– வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அம்மா, அட்டவணை போட்டால் இரண்டு நாளைக்கு மேல் நிலைக்காது. உங்கள் ஊரில் பொழுதைப் பிரித்துக் கொடுப்பது காற்றுதான். அதன் போக்கிலேயே விட்டுவிடுங்கள். இரவில் தரை கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். எஞ்சின் வருவதற்கு முன்பு கட்டுமரக்காரர்கள் அந்தக் காற்றில்தான் பாய் விரித்துக் கடலுக்குள் போனார்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சித்திரை, வைகாசியில் பெரும்பாலும் உச்சிப்பொழுதை ஒட்டி இந்த மாற்றம் நிகழும்.

மாறும் வேளையைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்டுகொள்ளலாம். கிழக்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்த தென்னங்கீற்று சற்று நேரம் அசையாமல் நிற்கும். பிறகு மேற்கே திரும்பும். கொடியில் காயும் வேட்டி மறுபுறம் உப்பும். சிறிது நேரத்தில் தலைக்கு மேலிருந்த வெண்மேகத் திட்டுகள் கரைந்துபோய், மேற்கே உள்நாட்டுப் பக்கம் மட்டும் வரிசையாகத் திரண்டு நிற்க, கரையோரம் வானம் மேகமின்றித் தெரியும். அதுதான் கடற்காற்று ஊருக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

ஆகவே விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை செடிகளுக்கு, வெயில் ஏறும் வேளை சமையலுக்கும் வீட்டு வேலைக்கும், கடற்காற்று வந்தபின் திண்ணையும் புத்தகமும், அந்தியில் கடற்கரை. ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும் நாள்களில் கடற்காற்று தாமதித்தே வரும். சில நாள் வரவே வராது. அன்றைக்குத் திண்ணையில் அனல் அடிக்கும் என்பதால் உள்ளறையில் படியுங்கள், அல்லது தூங்குங்கள். பகல் தூக்கத்தைக் குற்றமாக நினைக்கும் பழக்கம் பள்ளி மணியோடு வந்தது. அதைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

கேள்வி: நம் பக்கத்துக் கடற்கரையில் சூரியன் கடலில் மறைவதில்லை. அப்படியிருக்க, மாலையில் அங்கே போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகர், காரைக்கால்

பதில்: மேற்குக் கரைக்காரர்களுக்கு எளிதில் வாய்க்காத ஒன்று இருக்கிறது. சூரியன் உங்கள் முதுகுப்புறம் வீடுகளுக்குப் பின்னால் இறங்கும்போது கடலை நோக்கி நில்லுங்கள். நீர் முடியும் இடத்தில், கடலை ஒட்டிப் படுத்தாற்போல் கருநீலப் பட்டை ஒன்று தோன்றும். அதன் மேல் விளிம்பில் வெளிர் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை இருக்கும். பலரும் அந்தக் கருநீலத்தைத் தொலைவில் இருக்கும் மேகம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது காற்றுமண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழல். மேலேயுள்ள ரோஜா நிறம், காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வந்து சிவந்துபோன வெயில் அங்கே பட்டுத் திரும்புவதால் உண்டாவது. மேற்கே சூரியன் இறங்க இறங்கக் கிழக்கே நிழல் மேலேறும். ஏறும்போதே விளிம்பு மங்கி, கால் மணி நேரத்தில் இரவோடு கலந்துவிடும்.

கீழ்வானத்தில் மேகமும் புழுதிமூட்டமும் இருந்தால் தெரியாது. மழை ஓய்ந்த பிறகு வரும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலவும் எழுவதால், அந்த இரண்டு பட்டைகளின் நடுவே நிலவு ஏறுவதைப் பார்க்கலாம். அதற்காக ஒரு நாள் புத்தகத்தைப் பாதியில் மூடி வைப்பதில் நஷ்டமில்லை.

கேள்வி: ‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை’ என்று பாட்டி சொல்வார். நிலவைச் சுற்றிய வட்டத்தைப் பார்த்து மழையைச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: ஓரளவு முடியும். நிலவிலிருந்து விலகிப் பெரிதாகத் தெரியும் வட்டம், மிக உயரத்தில் பரவியிருக்கும் மெல்லிய மேகத்தின் பனித்துகள்களில் ஒளி முறிவதால் வருவது. மழை கொண்டுவரும் மேகத் திரளுக்கு முன்னோடியாக அத்தகைய மேகம் பரவுவது உண்டு என்பதால் பாட்டி சொன்னதில் பொருள் இருக்கிறது. நிலவை ஒட்டிய சிறு வட்டம், சற்றுத் தாழ்ந்த மேகத்தின் நீர்த்துளிகளால் உண்டாவது. அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

தோட்டக்காரருக்கு இதைவிடப் பயன்படும் குறிப்பு, எந்தத் திசையைப் பார்ப்பது என்பதே. ஆவணி, புரட்டாசியில் மழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் மேற்கிலிருந்து இடியோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும்; அதுவும் பின்னிரவிலும் விடியலிலும் மிகுதி. எனவே அந்த மாதங்களில் காலையில் குழாயைத் திறப்பதற்கு முன் கிழக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில் எங்கள் வீடு. கத்திரி, பீன்ஸ், செம்பருத்தி வைத்தேன். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்கிறார் உரக்கடைக்காரர். போடலாமா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: உப்பு எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள். செடியில் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகி, மறுபக்கம் பசுமையாக இருந்தால் காற்றில் வரும் உப்பு. எல்லாப் பக்கமும், குறிப்பாக அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகினால் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் உப்பு.

காற்றுதான் காரணம் என்றால் கடற்பக்கம் உயிர்வேலி வேண்டும். மதில் சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறி, மறுபுறம் சுழன்று விழும். இலையும் கிளையுமாக இருக்கும் வேலியோ காற்றை வடிகட்டி, வேகத்தைத் தணித்து அனுப்பும். பூவரசம் போத்துகளை மழைக்காலத்தில் ஊன்றினால் எளிதில் வேர்பிடிக்கும். புன்னை மெதுவாக வளரும், ஆனால் உப்புக்காற்றுக்கு அசையாது. அரளியும் தாங்கும். கடல் கொந்தளித்த நாளுக்கு மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

தண்ணீர்தான் காரணம் என்று தோன்றினால் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அறிக்கையில் நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது. ஜிப்சம், சோடியம் ஏறி இறுகிப்போன களிமண்ணுக்கான மருந்து. உங்களுடையது மணல் என்பதால் அதனால் பெரிய பயன் இல்லை. ஜிப்சமும் ஒரு உப்புதானே! மணலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நல்ல தண்ணீர் கிடைத்தால் உப்பைக் கீழே இறக்கிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகைப் பகுதி வயல்களில், அடுத்து வந்த பருவமழை உப்பைக் கழுவி இறக்கியதால்தான் பல இடங்களில் மறுபடியும் விளைச்சல் எடுக்க முடிந்தது. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துவைத்து, வேரடியில் பொறுமையாக நிறைய விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

மணலில் ஈரம் நிற்பதற்கு மக்கிய சாணி எருவும், நன்றாக மக்கிய தென்னை நார்க்கழிவும் கலக்க வேண்டும். மக்காத நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும், அலசாமல் போடாதீர்கள். மேலே தென்னை ஓலையைத் துண்டாக்கி மூடாக்குப் போடுங்கள். பீன்ஸை விட்டுவிடுங்கள், உப்பைச் சற்றும் பொறுக்காத பயிர் அது. அதற்குப் பதிலாகப் பருப்புக்கீரை விதையுங்கள். சப்போட்டா ஒன்று வையுங்கள். அழகுக்கு நித்தியகல்யாணி போதும். அதை அழிப்பதுதான் கடினம்.

கேள்வி: வீணாகிப்போன கருவாட்டைச் செடிக்கு உரமாகப் புதைக்கலாமா?
– வாசகி, பழவேற்காடு

பதில்: வேண்டாம். உப்பு மண்ணில் மேலும் உப்பைப் புதைப்பதாகிவிடும். பச்சை மீன் கழிவை அதே எடை வெல்லத்தோடு கலந்து மூடிவைத்து, மூன்று நான்கு வாரங்கழித்து வடிகட்டி, நிறையத் தண்ணீர் சேர்த்துத் தெளிக்கலாம். அக்கம்பக்கத்துப் பூனைகளைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு.

கேள்வி: தாத்தா சேர்த்துவைத்த பழைய நாவல்கள் கடலோர வீட்டுக்கு வந்ததிலிருந்து பூசணம் பிடிக்கின்றன. வெயிலில் காயவைக்கலாமா?
– வாசகர், சென்னை, திருவான்மியூர்

பதில்: நேர் வெயில் கூடாது, அந்தக் காலத்து மலிவுத் தாள் மஞ்சளித்து நொறுங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூசணம் வளரத் தொடங்கும். உங்கள் ஊரில் வெயில் ஏறியபின், கடற்காற்று வருவதற்கு முன்னுள்ள ஓரிரு மணி நேரம்தான் பகலில் காற்று மிகவும் வறண்டிருக்கும் வேளை. அலமாரியை அப்போது திறந்துவைத்து, தென்னங்கீற்று மேற்கே திரும்பியதும் மூடிவிடுங்கள். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டாமல், காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பிடித்த பூசணத்தை வெளியே, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் துடையுங்கள்.

கேள்வி: தமிழின் ஆரம்பகால நாவல்களைப் படிக்க முயல்கிறேன். இருபது பக்கத்துக்கு மேல் நகர்வதில்லை. எதில் தொடங்குவது? சுருக்கப் பதிப்பு வாங்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம். இந்த நாவல்களில் சுருக்கினால் முதலில் போவது கிளைக்கதையும் நையாண்டியும்; மீதி நிற்பதோ கதைச்சுருக்கம். அதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பதால் எல்லோரும் அதில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறார்கள். தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, வழக்கு, உபதேசம், விகடக் கதை எல்லாவற்றையும் அதில் சேர்த்துக் கட்டியிருக்கிறார். ஒரே மூச்சில் படித்தால் மூச்சு முட்டும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்றால் சுவை தெரியும்.

நான் சொல்வது ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் தொடங்குங்கள் என்று. வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் தம் இருபத்தொன்றாவது வயதை ஒட்டி, 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் தொடராக எழுதிய நாவல் அது. 1898-இல், இருபத்தாறு வயதில் அவர் இறந்துவிட்டார். ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரும் வரும் இடங்களை இன்றைக்கும் வாய்விட்டுச் சிரித்தபடி படிக்கலாம். பிற்பகுதி வேதாந்தத்தில் இறங்கிவிடுகிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கும் முற்பகுதியே பிடிக்கும். ஆனால் மாதம் ஒரு பகுதியாகக் காத்திருந்து படித்தவர்களுக்காக எழுதப்பட்டதை நாம் ஒரே பிற்பகலில் விழுங்கப் பார்ப்பதால்தான் அந்தத் திருப்பம் திடீரென்று தோன்றுகிறது. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் படித்து மூடிவிட்டுச் செடிக்குப் போங்கள். மறுநாள் படிக்க மனம் தானாக வரும்.

அடுத்து மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’. 1898-இல் வந்தது. அவர் உப்பு இலாகாவில் வேலை பார்த்தவர். கடலோரத்துக்காரர்கள் அந்த உறவை எண்ணியாவது படிக்கலாம்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் கோடிக்கரையைப் போய்ப் பார்க்க ஆசை. கதையில் உள்ளபடி இன்றும் இருக்கிறதா? எப்போது போகலாம்?
– வாசகி, திருவாரூர்

பதில்: பூங்குழலி படகு விடுவதாகக் கல்கி எழுதிய கடலும், வந்தியத்தேவனைச் சிக்கவைத்த சேற்றுநிலமும் காடும் அங்கே உண்டு, மக்கள் கோடியக்கரை என்பார்கள். 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். 2002-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பில் இறங்கவேண்டாம், காட்டுக்குள் வனத்துறை அனுமதிக்கும் பாதையில் மட்டும் செல்லுங்கள்.

நாவலில் இரண்டு இடங்களில் புயல் கதையைத் திருப்பிவிடுகிறது: கப்பல் உடைந்து அருள்மொழியும் வந்தியத்தேவனும் கடலில் தத்தளிக்கும் இடம் ஒன்று, நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகும் இடம் மற்றொன்று. மிகை என்று தோன்றினால், 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியபோது அந்தப் பகுதித் தென்னந்தோப்புகள் என்ன ஆயின என்று உங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனவே ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பாதீர்கள். மார்கழி பின்பாதியிலும் தையிலும் வலசை வந்த பூநாரைகள் இருக்கும்; வானமும் தெளிந்திருக்கும். காலை ஏழு மணிக்குள் சதுப்பை அடைந்துவிடுங்கள். தொலைநோக்கி ஒன்றும் குடிதண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள், அங்கே கடைகள் குறைவு.