கல்தொட்டியில் துளை போடலாமா?

வணக்கம். இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய மணற்கல் தொட்டி வாங்கினேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். அடியில் துளை இல்லை. வெளியே கறையும் பாசியும். ஆசிட் ஊற்றித் தேய்த்து, நான்கு துளை போட்டுச் செடி வைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். துளை இல்லையென்றால் அது பெரும்பாலும் தண்ணீருக்காகக் குடைந்த தொட்டியாக இருக்கும். யாரோ ஒருவர் நாள்கணக்கில் உளியால் கொத்தி, அடி ஒழுகாமல் பார்த்துச் செய்தது. துளைத்துவிட்டால் பிறகு எந்தப் பூச்சு வைத்தாலும் பழைய தொட்டி ஆகாது.

ஆசிட் அதைவிட மோசம். பல மணற்கற்களில் மணலைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்துதான். ஆசிட் அதைக் கரைத்துவிடும், அப்புறம் கல் மணலாக உதிரும். கறை என்று நீங்கள் சொல்வதில் வட்ட வட்டமாகச் சாம்பலும் மஞ்சளுமாக ஒட்டியிருப்பது லைக்கனாக, அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிராக இருக்கும். அது வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கை அகலம் இருந்தால் பல பத்தாண்டுகள் வளர்ந்தது என்று அர்த்தம். உள்பக்கத்தை மட்டும் தண்ணீரும் தென்னை நார் பிரஷும் கொண்டு கழுவுங்கள், போதும்.

செடி ஆசையும் நியாயமானதுதான். இங்கிலாந்தில் 1920களில் கிளாரன்ஸ் எலியட் என்ற நாற்றுப்பண்ணைக்காரர், பண்ணைகளில் கால்நடை தண்ணீர் குடித்த தொட்டிகளிலும் பழைய கல் சிங்க்குகளிலும் குட்டையான மலைச்செடிகளை நட்டுக் காட்டினார். ஆளாளுக்குத் தேடத் தொடங்க, தொட்டிகள் கிடைக்காமல் போயின. அப்போது வந்த மாற்றுதான் ஹைப்பர்டூஃபா: ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரத் தூள்). அச்சில் வார்க்கும்போதே துளை விட்டுவிடலாம். செடிக்கு அப்படி ஒன்று செய்துகொள்ளுங்கள். துளைமேல் சிறு வலை போதும். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பார்கள், உண்மையில் ஜல்லிக்கு மேலுள்ள மண் ஊறி நிரம்பிய பிறகுதான் நீர் கீழே இறங்கும்.

கல்தொட்டியில் தண்ணீரே இருக்கட்டும். வெறும் கல்லே 200 கிலோ அளவுக்கு வரும், நிரப்பினால் இன்னும் 60 லிட்டராவது சேரும். அதனால் இடத்தை முதலிலேயே முடிவு செய்து, கெட்டித்த தரையில் மட்டம் பார்த்து வையுங்கள். கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒருமுறை நீரை முழுக்க மாற்றுங்கள், அல்லது நிழலான இடமென்றால் நான்கைந்து சிறு மீன் விடுங்கள். ஒரு மூலையில் நீருக்கு மேல் தலை நீட்டும்படி சொரசொரப்பான கல் ஒன்றைச் சாய்த்து வைத்தால், தவறி விழுந்த அணிலும் தேனீயும் ஏறிப் பிழைக்கும்.

அதற்கு முன் ஒரு சோதனை. தொட்டியை நிரப்பி, பக்கத்தில் ஒரு வாளியிலும் நீர் வைத்து, இரண்டிலும் பென்சிலால் கோடு போடுங்கள். வாளியில் குறைவது ஆவியானது. தொட்டியில் அதைவிட அதிகமாக இறங்கினால் கல் நீரை உறிஞ்சியிருக்கலாம், அல்லது எங்கோ மயிரிழை விரிசல் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து அளவை எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.