எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பில் கம்ப்யூட்டர் இருந்தே ஆகணுமா?

கேள்வி கேட்டவர் சேலத்தில் மூன்றரை வயது மகளுக்குப் பள்ளி தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.க்கே கம்ப்யூட்டர் லேப், சுவர் நிறைய டச் பேனல். இன்னொன்றில் கரும்பலகையும் மணல் தொட்டியும்தான். முதல் பள்ளியில் ஃபீஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தைக் கட்டலாமா, கட்டாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுமா, இந்த வயதில் திரை முன்னால் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்கிறார்.

கம்ப்யூட்டருக்காக மட்டும் என்றால் ஒரு ரூபாய்கூட அதிகம் கட்ட வேண்டாம்.

இதைச் சொல்வதில் எனக்குத்தான் நஷ்டம். அஞ்சு ரோடு பக்கம் கடை வைத்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர், ப்ரொஜெக்டர், டச் பேனல் எல்லாம் போட்டுக்கொடுத்து சர்வீஸ் பார்ப்பது என் தொழில். வீட்டுக்காரம்மா அம்மாப்பேட்டை பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் யு.கே.ஜி. மிஸ். மெஷின் பள்ளிக்குள் போகிற கதை எனக்குத் தெரியும், போன பிறகு என்ன ஆகிறது என்பது அவளுக்குத் தெரியும். ராத்திரி சாப்பிடும்போது இரண்டும் சேர்ந்துவிடும்.

முதலில் என் பக்கத்துக் கதை. ப்ரொஜெக்டர் லேம்ப் இதுவரை எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று அதற்குள்ளேயே ஒரு கணக்கு ஓடும். ரிமோட்டில் மெனுவுக்குப் போனால் பார்த்துவிடலாம். "எங்க கிட்ஸுக்கு டெய்லி ஸ்மார்ட் க்ளாஸ் சார்" என்று நோட்டீஸ் அடித்த ஒரு பள்ளியில் சர்வீஸுக்குப் போனேன். தினம் ஒரு மணி நேரம் என்றால்கூட வருஷத்துக்கு இருநூறு மணி நேரம் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் முடிந்த மெஷினில் நூறுகூட ஏறவில்லை. ஏறினது எப்போது என்று ஆயாம்மாவைக் கேட்டால் சொல்லிவிடுவார்: அட்மிஷன் சீசனில் பெற்றோர் வரும்போது, ஆண்டு விழா ரிகர்சலுக்கு, அப்புறம் ஒரு மிஸ் லீவு போட்டு இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைக்கிற நாளில். அந்தக் கடைசி உபயோகம்தான் அதிகம். மிஸ் இல்லாத குறைக்கு ரைம்ஸ்.

சரி, லேபை நிஜமாகவே உபயோகிக்கிற பள்ளி என்றால்? அங்கே என்ன நடக்கிறது என்று அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். மேசை பெரியவர்கள் உயரத்துக்குச் செய்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் பிள்ளையின் கால் தரையில் படாது, கீபோர்டு மார்புக்கு நேராக வரும். மவுஸ் அந்தக் கைக்குள் அடங்காது. பாதிப் பிள்ளைகள் இடது கையால் மவுஸைப் பிடித்து அமுக்கிக்கொண்டு வலது கை ஆள்காட்டி விரலால் க்ளிக் செய்யும். அமுக்கினவுடன் அம்பு நகர்ந்துவிடும். மறுபடி தேட வேண்டும். டச் பேனல் இன்னும் மோசம். ஓரங்களில் அகச்சிவப்புக் கதிர் ஓடுகிற பேனல் என்றால், விரலா, சட்டைக் கையா, ஊன்றின முழங்கையா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. எது கதிரை மறைத்தாலும் தொட்ட மாதிரிதான். குழந்தை எட்டி எழுதும்போது முழங்கையைச் சேர்த்து ஊன்றும். கோடு எங்கேயோ போய் விழும். "மிஸ், அது தானா எழுதுது" என்று அழுத பிள்ளைக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேனலில் பழுது ஒன்றும் இல்லை. ஓர் அடி கீழே இறக்கி மாட்டச் சொன்னேன். சுவரில் மயில் படம் வரைந்திருக்கிறோம், இறக்கினால் மறைந்துவிடும் என்றார்கள்.

அந்த வயதுக்கென்று விற்கிற சாஃப்ட்வேர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் வரும், தப்பாகத் தொட்டால் குரங்கு தலையில் அடித்துக்கொண்டு கத்தும். செய்தவர் குழந்தையை வளர்த்தவர் இல்லை போலிருக்கிறது. நட்சத்திரத்தை யார் பார்ப்பார்கள்? வகுப்பே குரங்குக்காகத் தப்பாகத் தொட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் வந்த ரிப்போர்ட்டில் எல்லாருக்கும் 'முன்னேற்றம் தேவை'!

இதெல்லாம் சாமான் குறை, திருத்திவிடலாம் என்பீர்கள். ஆனால் சின்னப் பிள்ளை எப்படிக் கற்கிறது என்பதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. 2003-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள், ஒன்பது மாத வயது. ஒரு கூட்டத்துக்கு மாண்டரின் சீனம் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவிடியில். நேரில் கேட்டவை சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்தவை கற்கவே இல்லை. யு.கே.ஜி. பிள்ளை ஒன்பது மாதக் குழந்தை இல்லைதான். வயது ஏற ஏறத் திரையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஆனாலும் கூட இருந்து பேச்சுக் கொடுக்கிற ஆள் இருந்தால் எடுத்துக்கொள்வது வேறு, தனியே விட்டால் எடுத்துக்கொள்வது வேறு. இதை என் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னபோது, "இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா?" என்றாள்.

எழுத்து விஷயத்திலும் அப்படித்தான். 2012-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை எழுத்துகளைக் கையால் எழுதவும், புள்ளிக்கோட்டின் மேல் இழுக்கவும், டைப் செய்யவும் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஸ்கேனுக்குள் அதே எழுத்துகளைக் காட்டினால், தானாகக் கோணல்மாணலாக எழுதிப் பழகினபோதுதான் மூளையில் வாசிப்புக்கு உதவுகிற பகுதிகள் நன்றாக வேலை செய்தன. நம் 'ஐ'யையும் 'ஜ'வையும் மணலில் விரல் விட்டு வளைத்துப் பழகுவதற்குப் பதிலாக 'அமுக்கு, வரும்' என்று கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது பள்ளியின் மணல் தொட்டியை நீங்கள் கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

நேரக் கணக்கு கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை உட்கார்ந்து பார்ப்பது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. இதில் வீட்டு டிவியும் தாத்தா செல்போனும் சேர்த்தி. கொரோனா காலத்தில் எல்லாமே ஆன்லைனில் ஓடினபோதுகூட, மத்திய அரசின் 2020 'பிரக்யாதா' வழிகாட்டுதல் மழலையர் வகுப்புக்கு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றது, அதுவும் பெற்றோரிடம் பேசி வழிகாட்டுவதற்கு. ஆக, பள்ளியில் ஒரு மணி நேரம் லேப் என்றால் உங்கள் பிள்ளையின் அன்றைய கோட்டா அங்கேயே முடிந்தது.

இவ்வளவு சொன்னதால் கம்ப்யூட்டரே கூடாது என்கிற கட்சி என்று நினைக்க வேண்டாம். நல்லபடியாக உபயோகித்தும் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் விலை குறைந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் தொழிலுக்கு வந்த சோதனை.

சீமோர் பேப்பர்ட் என்று ஒருவர். ஜெனீவாவில், குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயுடன் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா போனவர். 1967-இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து பிள்ளைகளுக்கென்று லோகோ என்ற கணினி மொழியை உண்டாக்கினார்கள். பிள்ளை அதில் சொல்கிறபடி நகர்வதற்கு முதலில் வந்தது தரையில் ஊர்கிற ரோபோ ஆமை. திரை ஆமை பிறகு வந்தது. கம்ப்யூட்டர் பிள்ளைக்குப் பாடம் நடத்துவதை அவர் திருப்பிப் போட்டார். பிள்ளைதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அது தப்பாகப் போனால் தான் என்ன சொன்னோம் என்று பிள்ளையே யோசிக்க வேண்டும். அந்த வழியில் 2014-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். இலவசம். கட்டளை கொடுக்கத் திரையில் அடுக்குகிற கட்டைகளில் எழுத்து இல்லை, படமும் அம்புக்குறியும் எண்ணும்தான். அதனால் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் செய்யலாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் வேண்டாம்.

எங்கள் வீட்டில் கிடந்த பழைய டேப்லெட் இரண்டில் இந்தச் செயலியை ஏற்றி வீட்டுக்காரம்மா வகுப்புக்கு எடுத்துப் போனாள். முதலில் டேப்லெட்டை எடுக்கவே இல்லை. தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் பெரிதாகப் போட்டாள். ஒரு பிள்ளை ரோபோ. மற்றவர்கள் சொன்னால்தான் நகர வேண்டும். "முன்னாடி ரெண்டு, திரும்பு, முன்னாடி ஒண்ணு" என்று சொல்லி மூலையில் இருக்கிற பந்திடம் கொண்டுபோக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பணும் என்று சொல்லாமல் விட்டால் ரோபோ அப்படியே நிற்கும், வகுப்பு சிரிக்கும். அப்புறம்தான் டேப்லெட், அதுவும் இரண்டு பிள்ளைக்கு ஒன்று. சனிக்கிழமை அரை நாள் வகுப்பில் அவளைக் கூப்பிடப் போனபோது நானே பார்த்தேன். திரையில் பூனை மரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"நாலு போட்டல்ல, அதான். மூணு போடுடி."

"மூணு போட்டா மரத்துக்கு இந்தாண்ட நின்னுக்கும்."

"அப்போ மரத்த நகத்து!"

மரத்தை நகர்த்துவதா எண்ணை மாற்றுவதா என்று அந்த இரண்டும் போட்ட சண்டையில்தான் பாடமே இருந்தது. ஆளுக்கு ஒரு டேப்லெட் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. 'ஒரு மாணவருக்கு ஒரு கணினி' என்று பள்ளிகள் பெருமையாகப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். பில் போடுகிறவனுக்கு அது நல்ல வாசகம், ஐந்து வயதுக்கு இல்லை.

இன்னொன்று ஏற்காட்டில். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி, அதற்கு மேலும் உள்ளே போகிற ஒரு சின்னப் பள்ளி. ப்ரொஜெக்டர் வாங்கி மாட்டியிருந்தார்கள், மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துப் படமெல்லாம் மஞ்சள் திட்டு. சரி செய்கிற செலவுக்குப் புதிதே வாங்கலாம், விட்டுவிடுங்கள் என்றேன். அந்த டீச்சர் அதற்கெல்லாம் அசரவில்லை. பழைய லேப்டாப் ஒன்றைத் தாழ்வான பெஞ்சில் வைத்து, பிள்ளைகள் சொல்கிற கதையை அவர்கள் குரலிலேயே பதிந்து வைத்திருந்தார். காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் எடுத்த போட்டோக்களை ஓட்டி, இது யாருடைய கூடை, பழம் ஏன் சிவப்பு, கொட்டையை எங்கே காயப்போடுவார்கள் என்று கேட்பார். பதில் சொல்லுகிறவர்கள் அவர்கள்தான், டீச்சருக்கே தெரியாததையும் சொன்னார்கள். தன் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதைக் கேட்டதும் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பனியையே பார்த்திராத நம் ஊர்ப் பிள்ளைக்கு ஸ்னோமேன் ரைம்ஸ் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். லேப்டாப்பில் பேட்டரி போயிருந்தது, அதை மட்டும் மாற்றிக்கொடுத்தேன்.

பின்தங்கிவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். மவுஸ் பிடிப்பது, ஃபைல் திறப்பது எல்லாம் ஏழெட்டு வயதில் ஒரு வாரத்தில் வந்துவிடும். நாலு வயதில் அதற்கு ஒரு வருஷம் செலவழிக்க ஒன்றும் இல்லை. இன்று அந்த லேபில் பழக்குகிற சாஃப்ட்வேர் அவள் ஐந்தாவது போகும்போது இருக்குமா என்பதே சந்தேகம். பிள்ளை நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிறதா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறதா, பென்சில் பிடிக்க விரலில் வலு இருக்கிறதா, இதைத்தான் ஒன்றாம் வகுப்பு மிஸ் பார்ப்பார். ஃபீஸ் பாரம் என்றால் அரசு வழியும் பாருங்கள். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். பக்கத்தில் இருக்கிறதா, எப்படி நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளி பார்க்கப் போகும்போது எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்காதீர்கள். ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்போது மிஸ் எங்கே இருப்பார், பக்கத்திலா, நோட்டுத் திருத்திக்கொண்டு மேசையிலா? பிள்ளை அதில் செய்ததை வீட்டுக்குக் காட்ட ஏதாவது உண்டா? நாற்காலியில் உங்கள் மகளையே உட்கார வைத்து, கால் தரையில் படுகிறதா பாருங்கள். முடிந்தால் காலை பத்தரை மணிக்குப் போங்கள், வகுப்பு நடக்கிற நேரம். ஆபீஸில் உட்கார வைத்து வீடியோ போட்டுக் காட்டினால், "க்ளாஸை ஒரு எட்டு பாத்துட்டு வரலாமுங்களா?" என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் வண்டியை அடுத்த பள்ளிக்குத் திருப்புங்கள்.